பொறுக்கின சரக்கு

சரக்கு நன்றாயிருக்கிறது என்று வாங்குகிறவன் தானாக வாயைத் திறந்து சொன்னால் விற்கிறவள் பயப்பட வேண்டும், இது நான் அடிபட்டுப் படித்த பாடம், இப்போது போனை வைத்த ஜேக்கப் அதைத்தான் சொன்னான், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நம் சரக்கைக் கடல் தாண்டி அனுப்புகிற ஏஜெண்ட், ஒரு நாளும் குறை சொல்லாமல் போனை வைத்தவன் இல்லை, இன்றைக்கு என்னடாவென்றால் “மேடம், போன லாட் மாதிரி இதுவரைக்கும் வந்ததே இல்ல, அங்க பிரிச்சுப் பாத்தவங்க அசந்துட்டாங்க, ஒண்ணைப் போட்டோ எடுத்து இன்னொண்ணு செஞ்ச மாதிரி இருக்காம், என்ன பண்ணுனீங்க?” என்கிறான். என்ன பண்ணினோம். ஒன்றும் பண்ணவில்லையே. “அதே ஈயம், அதே டை, அதே ஆளு” என்றேன். “அப்ப அந்த ஆளுக்கு ஒரு மாலையப் போடுங்க” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். ஆள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார், என் வீட்டுக்காரர் நஞ்சப்பன், பிரஸ்ஸின் லீவரை இழுக்கிற சத்தம் கேட்கிறது, கிறீச் என்று ஒன்று, அப்புறம் அழுத்தம், அப்புறம் டொக்கென்று குண்டு தகரத்தில் விழுகிற சத்தம். அந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே நான் இந்தப் பக்கம் தராசில் எடை போடுகிறேன், எங்கள் குடித்தனமே இந்தச் சுவரின் இரண்டு பக்கமும்தான் நடந்திருக்கிறது. துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்தாலே எங்கள் கணபதிப் பகுதியில் பாதிப் பேருக்கு முகம் மாறும், அதற்காகவே லைசென்ஸைப் பெரிய கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறேன், நாங்கள் செய்வது தோட்டா இல்லை, தோட்டாவின் முனையில் உட்காருகிற ஈயக் குண்டு மட்டும், வெடிமருந்தும் கிடையாது, பித்தளைக் கூடும் கிடையாது. வெளிநாட்டில் அட்டையில் வட்டம் போட்டுக் குறி பார்த்துச் சுடுகிற பந்தயக்காரர்கள் இருக்கிறார்கள், கடையில் விற்கிற தோட்டாவை அவர்கள் நம்ப மாட்டார்கள், வீட்டு மேசையில் உட்கார்ந்து தாங்களே கட்டிக்கொள்வார்கள், கடை மசாலா பிடிக்காமல் வீட்டிலேயே வறுத்து அரைக்கிற பொம்பளைகள் மாதிரி. அவர்களுக்கு நம்மிடம் வேண்டியது ஒன்றே ஒன்று, ஒன்றைப் போல இன்னொன்று. கனமாகவே இருக்கட்டும், லேசாகவே இருக்கட்டும், அதற்குத் தகுந்தபடி கட்டிக்கொள்வார்கள், ஆனால் ஒன்று ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி என்றால் எட்டத்து வட்டத்துக்குப் போய்ச் சேரும்போது குண்டு எங்கேயோ இருக்கும். புருஷனும் அப்படித்தான் என்று தெருவில் பேச்சு வரும்போது சொல்வேன், தினமும் குடிக்கிறவனைக்கூடச் சமாளித்துவிடலாம், ஒருநாள் குடித்து ஒருநாள் குடிக்காதவனைத்தான் சமாளிக்க முடியாது. இவர் குடிக்க மாட்டார். இவர் நேற்றும் இப்படித்தான், நாளைக்கும் இப்படித்தான். கத்துகிறவள் நான், கத்தவே தெரியாதவர் அவர், இரண்டு பேரும் அவரவர் குணத்தில் ஒரே சீராக இருந்ததால் வண்டி ஓடிவிட்டது.

இன்றைக்குக் காலையில் அவர் கொண்டுவந்து வைத்த தட்டு இது. விளக்கெண்ணெய் வாசம் அடிக்கிறது, டையில், அதாவது ஈயத்தை வைத்து அழுத்துகிற அச்சில், தடவுகிற எண்ணெய், அந்த வாசம் என் புடவையிலும் தலையணையிலும் ஏறி, இப்போதெல்லாம் அது இல்லாத இடத்தில் எனக்கு மூக்கே வேலை செய்வதில்லை. ஒன்றை எடுத்து வைக்கிறேன், எண் நிற்கிறது, எடுக்கிறேன். இன்னொன்று. எத்தனை நல்ல கையாக இருந்தாலும் ஒரு தட்டுக் குண்டை எடை போட்டு வரிசையாக அடுக்கினால் அது முட்டை விழுங்கின பாம்பு மாதிரிதான் படுத்திருக்கும், நடுவில் உப்பி, இரண்டு பக்கமும் மெலிந்து, வால் பக்கம் கொஞ்சம் லேசான குண்டுகள், தலைப் பக்கம் கொஞ்சம் கனமானவை. அந்த இரண்டு ஓரத்தையும் கழித்துவிட்டு நடுவை மட்டும் அனுப்புவது என் வேலை. இந்தப் பாம்புக்கு வால் இருக்கிறது. தலையைக் காணோம். மறுபடி அடுக்கினேன். நடுவிலிருந்து ஏறி ஏறி வந்து, கத்தியால் வெட்டினது மாதிரி ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் ஒன்றே ஒன்றுகூட இல்லை. இந்த மாதிரி ஒன்றை இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன், தக்காளி வியாபாரம் பண்ணின காலத்தில், மண்டியில் முதல் தடவை ஏமாந்த அன்றைக்கு. செடி பெரிசும் சிறிசுமாகத்தான் காய்க்கும், கூடையில் சிறிசே இல்லையென்றால் நமக்கு முன்னால் யாரோ கை வைத்திருக்கிறான், மண்டியில் அதற்குப் பெயர் பொறுக்கின சரக்கு, பார்க்க லட்சணமாக இருக்கும், எதையோ மறைக்கத்தான் அந்த லட்சணம். நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டு விலை பேசிவிட்டு, மத்தியானம் அடிக்கூடையைத் திறந்து பார்த்து, வண்டிக்காரன் சட்டையைப் பிடித்தேன், அதிலிருந்து என் கூடையை எவனும் பொறுக்கினதில்லை. இப்போது என் வீட்டுக்குள்ளேயே ஒருவன் பொறுக்கியிருக்கிறான். தராசுக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு, காற்றுப் படாமல் இருக்க, இரண்டு பக்கமும் இழுத்துத் திறக்கிற கதவு, நான் வலப்பக்கம்தான் திறப்பேன், இடப்பக்கக் கதவைத் தொட்டதே இல்லை, காலையில் வந்து பார்த்தபோது இடப்பக்கம் ஒரு விரற்கடை திறந்து கிடந்தது, பல்லியோ என்னவோ என்று மூடினேன். பல்லி கதவைத் திறக்குமா. நான் ராத்திரி தூங்குகிற நேரத்தில் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் கதவைத் திறந்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கனமானதையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டு, மிச்சத்தை எனக்குத் தட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அதுதான் ஜேக்கப்புக்கு அவ்வளவு பிரமாதம், ஒரு தடவை பொறுக்கினதை நான் இன்னொரு தடவை பொறுக்கியிருக்கிறேன்.

எழுந்துவிட்டேன். ஸ்டூல் சரிந்தது. என்னைக் கேட்காமல் என் தராசைத் தொடுவதா, எதற்கு இந்த வேலை, நான் என்ன போலீஸா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது, கோபம் எனக்குக் கால் விரலில் ஆரம்பித்து ஏறும், தொண்டைக்கு வருவதற்குள் யாராவது தடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் தெரு முழுக்கக் கேட்கும். தடுக்கிறவர் அவர்தான். வாயால் இல்லை. நான் கத்த ஆரம்பித்தால் வலது கையைத் தூக்கி, மணிக்கட்டை நிமிர்த்தி, உள்ளங்கையை என் முகத்துக்கு நேராகக் காட்டுவார், பஸ்ஸை நிறுத்துகிற போலீஸ்காரன் மாதிரி, ஒரு வார்த்தை பேச மாட்டார், அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொதிக்கும், கொதித்துவிட்டு அடங்கும். அந்தக் கை. அந்தக் கையை நான் கடைசியாக எப்போது பார்த்தேன். தீபாவளிக்கு என் தங்கச்சி மாப்பிள்ளையோடு சண்டை பிடித்தபோது இவர் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு ஈயக்காரனை நான் வாசலில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினபோதும் கை வரவில்லை. நான் என்ன நினைத்தேன், முதலில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மனுசன் கடைசியில் அடங்கிவிட்டான் என்று. அப்புறம் வேறு மாதிரி தோன்றியது, இந்தப் பொம்பளையைத் திருத்த முடியாது என்று தண்ணி தெளித்து விட்டுவிட்டார் என்று, அதை நினைத்து மருதமலைப் படியில் உட்கார்ந்து அழுதேன், கண்ணில் தூசி என்று சொன்னேன், அவரும் நம்பினார். இப்போது இந்த அறையில் யாருமில்லை, என் வலது கையை நானே தூக்கி, மணிக்கட்டை நிமிர்த்தி, உள்ளங்கையைத் தராசுக்குக் காட்டினேன். ஒரு கஷ்டமும் இல்லை. பிறந்த குழந்தைகூடச் செய்யும். யாருக்கு அது கஷ்டம். மயில்சாமிக்குக் கஷ்டம். பின் சந்தில் பழைய பேட்டரி உடைத்து ஈயத் தகட்டை உருக்குகிற மயில்சாமி, அவன் கை மணிக்கட்டிலிருந்து தொங்கும், அறுத்த கோழியின் கழுத்து மாதிரி, தூக்கினால் நிற்காது, கும்பிடு போட்டால் இரண்டு கையும் சேராமல் ஒன்று சாயும். ஈயம் ரத்தத்தில் சேர்ந்து நரம்பைப் பிடித்துவிட்டது என்று அவன் பெண்டாட்டி என்னிடம் சொன்னாள், “ஆரம்பத்துலயே வேலைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா கை திரும்பிருக்குமாம் அக்கா, இந்த மனுசன் ரெண்டு வருசம் மறைச்சுட்டாரு, கைய ஜோப்புலயே வெச்சிருந்தா நான் என்னத்தக் கண்டேன்.” நானும்தான் என்னத்தைக் கண்டேன். நான் கையுறை மாட்டிக்கொண்டு எடை போடுகிறவள், அவரை மாட்டச் சொன்னால் “உறை போட்டா ஈயம் பேசாது அம்மிணி” என்பார், அதே கையால் பொரிகடலையை அள்ளி வாயில் போடுவார், போய்க் கழுவுங்க என்று நான் கத்துவேன், கத்துகிறதைத் தவிர வேறு என்ன செய்தேன், சட்டியில் ஈயம் உருகும்போது ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கத்துவேன், மழை வந்தால் மூடச் சொல்லிக் கத்துவேன். நஞ்சப்பன். பேரிலேயே நஞ்சு. சீ, சாமி பேரு அது, என்ன நினைப்பு இது.

ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் கிறீச். அழுத்தம். அந்த அழுத்தம்தான் விஷயம், இடியாப்ப நாழி மாதிரிதான் எங்கள் டை, லீவரை அடிவரைக்கும் இழுத்தால் அதிகப்படி ஈயம் ஓட்டை வழியாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே நிற்பது சரியான குண்டு. கை பாதியில் தளர்ந்தால் பிதுங்க வேண்டியது உள்ளேயே தங்கிவிடும், குண்டு கனத்துவிடும். அவர் கனமானதைத்தான் பொறுக்கினார். ஒவ்வொரு கனக் குண்டும் அவர் கை தளர்ந்த ஒரு தடவை. அதையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் அடுக்கி, நல்ல பிள்ளையாக என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பொறுக்கி என்று கோபத்தில் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், ஒரு பீடிகூடப் பிடிக்காத மனுசனை. அதே சொல்தான் போலிருக்கிறது, எடுத்து ஒதுக்குவதும் பொறுக்குவது, வாயை மூடிக்கொண்டு தாங்குவதும் பொறுப்பது, இரண்டையும் இந்த ஆள் எனக்குத் தெரியாமல் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து செய்திருக்கிறார். எதற்காக மறைக்க வேண்டும், என்னிடம் சொன்னால் என்ன. என்ன ஆகும் என்று எனக்கே தெரியும், நான் அந்த நிமிஷமே பிரஸ்ஸைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிடுவேன், ஆள் வைப்பேன், இல்லாவிட்டால் மோட்டார் வைத்த மெஷினுக்கு விலை பேசுவேன், அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு நல்லது செய்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்வேன். அதற்குப் பயந்திருக்கிறார். ஈயத்துக்குப் பயப்படாத மனுசன் என் நல்லதுக்குப் பயந்திருக்கிறார். லீவர் சத்தத்தைக் கேட்டேன், இவ்வளவு நாள் கேட்டும் கேட்காத சத்தம், கிறீச், அழுத்தம், அதற்குள்ளே ஒரு சின்ன நிற்றல், மூச்சு வாங்குகிற மாதிரி, மறுபடி அழுத்தம், டொக். ஒரே இழுப்பில் வருவதை இரண்டு இழுப்பாக இழுக்கிறார். பேரம் பேசும்போது எதிராளி ஒரு சொல்லுக்கு முன்னால் எத்தனை தடவை எச்சில் விழுங்குகிறான் என்று சொல்கிறவள் நான், பக்கத்துச் சுவரில் இதைக் கேட்கவில்லை.

மோரை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு போனேன். அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். லீவரைக் கையால் பிடிக்கவே இல்லை. முழங்கையை மடித்து, அந்த மடிப்புக்குள் லீவரை மாட்டி, குழந்தையை இடுக்கிக்கொள்கிற மாதிரி இடுக்கி, உடம்போடு சாய்ந்து இழுத்தார், அதற்குக் கீழே அந்தக் கை காற்றில் சும்மா தொங்கியது, விரல்கள் பாதி மடங்கி, தூங்குகிற ஆளின் கை மாதிரி. காலடிச் சத்தம் கேட்டதும் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொண்டார், வியர்வை துடைக்கிறாராம். அவருக்கு முன்னால் தகர டப்பாவில் பிதுங்கின ஈயத் துண்டுகளுக்கு நடுவே முழுக் குண்டுகளும் கிடந்தன, மூக்கும் முழியுமாக, உருக்குச் சட்டிக்குப் போகக் காத்துக்கொண்டு. நான் பார்த்ததை அவர் பார்த்தார். “என்ன அம்மிணி, ஜேக்கப் போன்ல என்னங்கிறான்?” என்றார். “உங்களுக்கு மாலை போடச் சொன்னானுங்க.” “எந்த மாலை, பூமாலையா, செருப்பு மாலையா?” “அது சரக்கைப் பொறுத்து.” “சரக்குக்கு என்ன குறை?” “குறையே இல்லீங்க மாமா. அதான்.” சிரித்தார். மோரை இடது கையால் வாங்கிக்கொண்டார். பெருங்காயம் தூக்கல் என்றார், தினமும் சொல்வது. “நாளைக்குக் குறைக்கறேனுங்க” என்றேன், அந்தப் பணிவில்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். இங்கேதான் நான் கத்த வேண்டும். எல்லாம் தயாராக இருந்தது, மயில்சாமி, கோழிக்கழுத்து, எனக்குத் துரோகம் பண்ணிட்டீங்க, ஒவ்வொன்றாக வரிசையில் நின்றது. கத்தினால் என்ன ஆகும், ஒன்றுமில்லை என்பார், தூக்கத்தில் கைமேல் படுத்துவிட்டேன் என்பார், நான் இழுத்துக்கொண்டு போவேன், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருவார், உள்ளே வர மாட்டார், இவர் பிடிவாதம் சத்தம் போடாத பிடிவாதம், அதை உடைக்க இன்னும் எவனும் சுத்தியல் செய்யவில்லை. மாட்டுச் சந்தையில் வேண்டிய மாட்டைப் பார்க்கக் கூடாது, பக்கத்து மாட்டைத் தடவி விலை கேட்க வேண்டும். அது எனக்கு மறக்குமா.

“ஏனுங் மாமா” என்றேன், “எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க.” டம்ளர் நின்றது. “என்ன மாதிரி?” “கை ஒண்ணு சரியில்லீங்க. தூக்குனா நிக்கறதில்ல. விரல்ல பிடிமானம் இல்ல. இந்த ஈயத்தையே தொட்டுட்டுக் கெடக்கறமல்ல, ரத்தத்துல ஏறிருக்குமோன்னு. ஒரு டெஸ்ட்டு எடுத்துட்டு வந்தரலாம்னு பாக்கறேன், தனியாப் போகப் பயமா இருக்குது, துணைக்கு வாங்க.” அவர் என் கையைப் பார்க்கவில்லை. மோர் டம்ளரைப் பிரஸ் மேசையில் வைத்தார், அதன் விளிம்பை இடது கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். வெளியே லேத் பட்டறையில் யாரோ சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். “எந்தக் கை?” என்றார். “வலது” என்றேன். “எப்பருந்து?” “தீபாவளிலருந்து.” துண்டுக்குள்ளே என்னவோ அசைந்தது, அவர் அசைக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது, நான் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதிலிருக்கிற குண்டுகளை எண்ணுகிற மாதிரி, எண்ணவில்லை. பக்கத்தில் தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல, “தீபாவளிக்கு முந்தியே இருக்கும்” என்றார். “ஆடிலயே ஆரம்பிச்சிருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்டே.”

“ஆமாங்க” என்றேன், “நான்தான் கவனிக்கல.” “நாளைக்குப் போலாமா, இந்தத் தட்டு முடிஞ்சரட்டும்.” “இன்னைக்குங்க.” “சாயங்காலம்.” “இப்பங்க.” “சோறு தின்னுட்டு.” வேறு யாராக இருந்தாலும் அந்தச் சோற்றையும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். “சரி, தின்னுட்டு” என்றேன். “டெஸ்ட்டுல ஏதாச்சும் இருந்துதுன்னா?” என்றார், “அப்ப பிரஸ்ஸு?” பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுகிறவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தாள், வந்தவளைத் திருப்பி அனுப்பினேன். “டாக்டர் எனக்கு என்ன சொல்றாருன்னு பாத்துட்டு, பிரஸ்ஸை என்ன பண்றதுன்னு நீங்க சொல்லுங்க. இழுக்கறதுக்கு ஆள் வெச்சாலும் டை வெக்கறதுக்கு உங்களைத்தானே கேக்கணும்.” அவர் அதை எடை போட்டார், தள்ளிவைக்கவில்லை.

சாப்பிட்டோம். அவர் பிசையாமல், ரசத்தை நிறைய ஊற்றி, கரண்டியால் சாப்பிட்டார், நான் பார்க்காமல் என் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வந்து அறையை எட்டிப் பார்த்தால் கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார், முன்பக்கம் திறந்தபடி, கண்ணாடிக்கு முன்னால். எத்தனை நேரமாக நிற்கிறாரோ. “ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க இந்தச் சட்டை” என்றேன். “துணைக்கு வாரவன் நல்லா வரவேண்டாமா” என்றார். அப்புறம் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, “அந்தக் கையில பலம் இருக்குதா இல்லியான்னு இங்கயே பாத்தரலாம் வா” என்றார், “இந்தப் பட்டனைப் போடு பாக்கலாம்.”

கீழேயிருந்து ஆரம்பித்தேன். துளை சின்னது, பட்டன் வழுக்கியது, முதலாவதைத் தப்பாக மாட்டி மறுபடி கழற்றினேன். அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது, விளக்கெண்ணெயும் ரசமும். என் விரல்களை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், அவசரப்படுத்தவில்லை. வாசலில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

“இரப்பா” என்று அவனிடம் கத்தினார், அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. “அம்மிணிக்குக் கை முடியல. மெதுவாத்தான் வரும்.”